உடைந்து போவதற்கு முன் ஒரு கொப்பி வாங்குங்கள்: யாழ்ப்பாணத்தில் புதிதாகப் படிப்பிக்க வருகிறவர்களுக்கு

நியமனம் கிடைத்த மூன்றாவது வருடம், பெப்ரவரி மாதத்தில் ஒருநாள் விடிய, பஸ் பண்ணைப் பாலத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது எனக்கு அழுகை வந்தது. யாரும் ஏசவில்லை. வீட்டில் சண்டையும் இல்லை. பாடசாலை வாசலை நினைத்தேன், அவ்வளவுதான். பக்கத்து சீற்றில் இருந்த யாரோ ஓர் அம்மா, "கடற்காத்து கண்ணுக்குப் பட்டிட்டுதோ பிள்ளை?" என்று கேட்டு யன்னலைச் சாத்தினார். நானும் ஓம் என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பணிச்சோர்விலிருந்து வெளியே வரப் பதினான்கு மாதம் பிடித்தது. எந்தக் கடிதத்தை யாரிடம் கொடுப்பது, எந்தக் கிளினிக்குக்கு என்றைக்குப் போவது, லீவு எடுத்தால் சம்பளத்தில் வெட்டுவார்களா என்று தெரியாமல் அலைந்ததிலேயே அதில் பாதி போனது. அந்தப் பாதியையாவது நீங்கள் மிச்சம் பிடிக்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் தீவகத்தில், அதாவது யாழ்ப்பாணத்தை ஒட்டிய தீவுகளில், ஓர் அரச பாடசாலையில் கணிதம் படிப்பித்தவள். தனியார் பாடசாலையில் இருப்பவர்களுக்கு லீவு விதிகள் வேறு, மற்றவை பெரும்பாலும் பொருந்தும்.

"எனக்கு ஏலாமல் இருக்கு" என்று ஆசிரியர் அறையில் சொன்னால் எல்லாரும் தலையாட்டி, "எங்களுக்கும் அப்படித்தான் ரீச்சர்" என்பார்கள். கிழமைக்கு 36 பாடவேளை என்று தாளில் எழுதிக் காட்டினால் நேரசூசியை எடுத்துப் பார்ப்பார்கள். கீழே சொல்லும் வேலைகளில் பாதி, அலுப்பைத் தாளுக்குக் கொண்டுவரும் வேலைதான்.

1. அலுப்பா, அதைத் தாண்டியதா என்று பாருங்கள்

தவணைப் பரீட்சை முடிந்த கிழமையில் எல்லாருக்கும் அலுப்பு இருக்கும். இரண்டு நாள் நித்திரை கொண்டால் போய்விடும். போகாவிட்டால்தான் கவனிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில், 2022இல் நடைமுறைக்கு வந்த பதினோராவது பதிப்பு, பணிச்சோர்வுக்கு மூன்று அடையாளங்களைச் சொல்கிறது. சக்தி வற்றிப்போவது ஒன்று. வேலையிலிருந்து மனம் விலகி எதையும் கசப்பாகவே பார்ப்பது இரண்டாவது. நான் செய்வதில் ஒரு பயனும் இல்லை என்று தோன்றுவது மூன்றாவது.

எனக்கு இரண்டாவதுதான் முதலில் வந்தது. பிள்ளை ஒருவன் நன்றாகக் கணக்குச் செய்துகொண்டு வந்து காட்டினான். சந்தோஷப்படுவதற்குப் பதிலாக, 'யாரைப் பார்த்து எழுதினான்?' என்று மனம் கேட்டது. அன்றைக்கே நான் உசாராகியிருக்க வேண்டும்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். அதே வகைப்பாடு இதை வேலையோடு தொடர்பான ஒரு நிலை என்று மட்டுமே வைத்திருக்கிறது, நோய் என்று அல்ல. ஆகவே மருத்துவச் சான்றிதழில் 'பணிச்சோர்வு' என்று எழுதி வரும் என்று காத்திருக்க வேண்டாம். மனச்சோர்வு, பதகளிப்பு, நித்திரையின்மை என்று மருத்துவர் கண்டுபிடிப்பதைத்தான் எழுதுவார்.

2. கொப்பி: இரண்டு கிழமைக் கணக்கு

ஒரு நாற்பது தாள் கொப்பி வாங்குங்கள். பத்துப் பாடசாலை நாளுக்கு ஒவ்வொரு பின்னேரமும் ஐந்து நிமிடம் ஒதுக்கி எழுதுங்கள்: எத்தனை பாடவேளை எடுத்தேன், வராத ஆசிரியருக்குப் பதிலாக எத்தனை வகுப்புக்குப் போனேன், வீட்டில் எவ்வளவு நேரம் திருத்தினேன், பயணம் எவ்வளவு, இரவு ஏழு மணிக்குப் பிறகு எத்தனை அழைப்பு, எத்தனை மணிக்கு நித்திரை.

என் கணக்கு இதுதான். நாளுக்கு எட்டு என்று கிழமைக்கு மொத்தம் 40 பாடவேளை. என்னுடையது 31, பதில் வகுப்பு சராசரியாக 5. மிஞ்சியது 4. மூன்று வகுப்பிலும் 114 கொப்பி. ஒரு கொப்பிக்கு மூன்று நிமிடம் என்றால் ஒரு சுற்றுத் திருத்த 342 நிமிடம், அதாவது ஆறு மணித்தியாலத்துக்குப் பதினெட்டு நிமிடம் குறைவு. போக ஒரு மணி இருபது, வர ஒரு மணி இருபது என்று பஸ்ஸில் மட்டும் கிழமைக்குப் பதின்மூன்று மணித்தியாலத்துக்கு மேல்.

கணிதம் படித்த எனக்கே இந்தக் கூட்டல் மூன்று வருடமாகத் தோன்றவில்லை என்பது வெட்கமான விஷயம்தான்.

கொப்பியில் உணர்ச்சியை எழுத வேண்டாம். யார் என்ன சொன்னார்கள் என்றும் வேண்டாம். ஒருநாள் அதைப் பிறருக்குக் காட்ட வேண்டி வரும். எண்ணும் திகதியும் போதும்.

3. அதிபரிடம் ஒரு தாளோடு போங்கள்

நாள் பார்த்துப் போவதுதான் இதில் முக்கியம். புது வருட நேரசூசி போட்டு ஒட்டிய பிறகு போனால், உங்களுக்கு ஒரு பாடத்தைக் குறைக்க இன்னும் நான்கு பேருடையதை மாற்ற வேண்டும். யாரும் சம்மதிக்க மாட்டார்கள். மூன்றாம் தவணை முடிய இரண்டு கிழமை இருக்கும்போது, நேரசூசி போடுபவர் பென்சிலைக் கூராக்க முன்னமே போங்கள். முதலில் பகுதித் தலைவரிடம் சொல்லிவிடுங்கள். அவரைத் தாண்டிப் போனால் காரியம் கெடும். திங்கட்கிழமை காலையும், வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து மேற்பார்வைக்கு வரும் நாளும் வேண்டாம்.

தாளில் ஒரு பக்கத்துக்கு மேல் எழுதாதீர்கள். மேலே கொப்பிக் கணக்கு, கீழே இரண்டே இரண்டு கோரிக்கை. நான் கேட்டவை இவை: பதில் வகுப்பு கிழமைக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம், இல்ல மெய்வல்லுநர் போட்டி, தமிழ்த்தினப் போட்டி இரண்டில் ஒன்றைத் தாருங்கள், இரண்டையும் வேண்டாம். முதலாவது கிடைத்தது. இரண்டாவது அந்த வருடம் கிடைக்கவில்லை, அடுத்த வருடம் கிடைத்தது. கடிதத்தின் பிரதி ஒன்றில் திகதியோடு கையெழுத்து வாங்கி வைத்திருங்கள்.

இளம் ஆசிரியர்கள் விழும் பள்ளம் ஒன்று இருக்கிறது. வந்த முதல் தவணையில் நல்ல பெயர் எடுக்க வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் கை உயர்த்துவோம். வாணி விழாவுக்குச் சோடனை, பரிசளிப்பு விழாவுக்கு அறிவிப்பு, விளையாட்டுப் போட்டிக்கு இல்லம் கட்டுதல். கம்பியூட்டர் தெரியும் என்று ஒருதடவை காட்டிவிட்டால், அதற்குப் பிறகு பாடசாலையின் கடிதம் எல்லாம் உங்கள் மடிக்கணினியில்தான் பிறக்கும். முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லக் கூச்சமாக இருந்தால், "கையில் இருப்பதை முடித்துவிட்டு வருகிற கிழமை சொல்கிறேன் சேர்" என்று சொல்லுங்கள். பாதி வேலை அந்தக் கிழமைக்குள் வேறு ஆளைத் தேடிப் போய்விடும்.

4. திருத்த வேலையைக் குறையுங்கள்

எனக்கு அதிகம் மிச்சமானது இங்கேதான்.

முதலில், கொப்பிக் கட்டை வீட்டுக்குக் கொண்டுபோவதை நிறுத்தினேன். கொண்டுபோன நாட்களில் பாதி அது திறக்கப்படாமலே திரும்பி வந்தது. ஆனால் இரவு முழுக்க மூலையில் இருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. திருத்தாத கொப்பியும் களைப்பைத் தரும், நம்புங்கள்.

இரண்டாவதாக, பத்துக் கணக்குக் கொடுத்தால் பத்தையும் நான் திருத்துவதில்லை. விடைகளைக் கரும்பலகையில் எழுத, பிள்ளைகள் கொப்பியை மாற்றித் தாங்களே சரி பிழை போடுவார்கள். நான் ஒரே ஒரு கணக்கை மட்டும், படிமுறை உள்ளதாகத் தெரிவுசெய்து, எல்லாக் கொப்பியிலும் பார்ப்பேன். அந்த ஒன்றில் யார் எங்கே தடுக்கினார்கள் என்று தெரிந்தால் அடுத்த நாள் பாடம் எதுவென்று தெரிந்துவிடும். மூன்று நிமிடம் ஒன்றாகக் குறைந்தது. 342 நிமிடம் 114 ஆனது. மிஞ்சிய நான்கு பாடவேளையில் மூன்று அதற்குப் போதும்.

மூன்றாவது, அடிக்கடி வரும் பிழைகளுக்கு ஓர் எழுத்து வைத்தேன். 'கு' என்றால் குறி மாறிவிட்டது, 'அ' என்றால் அலகு எழுதவில்லை, 'ப' என்றால் படிமுறை விடுபட்டது. வகுப்புச் சுவரில் ஒட்டிவைத்தால் பிள்ளைகள் இரண்டு நாளில் பழகிவிடுவார்கள்.

பாடசாலை மட்டக் கணிப்பீட்டைத் தவணை முடிவில் குவிக்க வேண்டாம். நடக்கும் கிழமையிலேயே புள்ளியைப் பதிந்துவிடுங்கள். பரீட்சைத் தாள் திருத்தவும், புள்ளிப் பட்டியல் போடவும், இடாப்பு முடிக்கவும் ஒரே பத்து நாள்தான் வரும். அந்தப் பத்து நாளில் பழைய கடனையும் சேர்த்துச் சுமக்க ஏலாது. பாடக்குறிப்பைப் பொறுத்தவரை, பக்கத்துப் பாடசாலையில் அதே பாடம் எடுக்கும் ஒருவரோடு தவணைக்குத் தவணை பங்குபோட்டு எழுதினோம். ஆசிரிய ஆலோசகரிடம் முதலிலேயே சொல்லிவிட்டுச் செய்யுங்கள், சிலர் அதை விரும்புவதில்லை.

5. போனும் ரியூசனும்

வகுப்பு வட்ஸ்அப் குழுவில் முதல் நாளே எழுதிவிடுங்கள்: பின்னேரம் ஐந்து முதல் ஆறு வரை பதில் தருவேன், அவசரம் என்றால் பாடசாலை அலுவலகத்துக்கு எடுங்கள். நடுவில் இந்த விதியைக் கொண்டுவந்தால் பெற்றோர் கோபிப்பார்கள். முதலிலேயே சொன்னால் பழகிவிடுவார்கள்.

ரியூசனைப் பற்றி அறிவுரை சொல்லும் நிலையில் நான் இல்லை, மூன்று வருடம் நானும் கொடுத்தேன். சம்பளத்தில் வீட்டு வாடகையும் கடன் தவணையும் போனால் என்ன மிஞ்சும் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் வருமானத்தைக் கணக்குப் பார்க்கும்போது பெற்றோல், போட்டோக்கொப்பி, பின்னேரச் சாப்பாடு, பிறகு மருந்துச் செலவு எல்லாவற்றையும் கழித்துப் பாருங்கள். கிழமைக்கு நான்கு பின்னேரத்தை இரண்டாக்கியபோது எனக்குக் கையில் வந்தது பாதியாகவில்லை, மூன்றில் ஒன்றுதான் குறைந்தது.

6. தண்ணீர், தொண்டை, இரத்தப் பரிசோதனை

பெண் ஆசிரியர்களுக்கு இது தெரியும், எழுதத்தான் மாட்டோம். பாடசாலை மலசலகூடம் சரியில்லை என்று காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்போம். பிறகு சிறுநீர்த் தொற்று, தலையிடி, பின்னேரத்தில் காரணமில்லாத எரிச்சல். கழுவித் துப்புரவாக்கிப் பூட்டிவைக்கும் ஒரு மலசலகூடத்தை ஆசிரியைகள் நான்கு பேர் சேர்ந்து கேட்டால் கிடைக்கும். தனியாகக் கேட்டால் கிடைக்காது. எங்களுக்கு ஒரு பூட்டும் இரண்டு வாளியும்தான் செலவு.

தொண்டைக்கு, சத்தம் போடாமல் வகுப்பை அடக்க ஒரு வழி பழகுங்கள். நான் மேசையில் மூன்று தட்டுத் தட்டிவிட்டு வாய் திறக்காமல் நிற்பேன். முதல் கிழமை வேலை செய்யாது. விடாமல் செய்யுங்கள்.

எல்லாம் மனம்தான் என்று முடிவுகட்ட முன்னர் மூன்று பரிசோதனை எடுத்துவிடுங்கள்: குருதிச் சோகை இருக்கிறதா, தைரொயிட் எப்படி, சீனி எவ்வளவு. இவை குழம்பினாலும் இதே களைப்பும் இதே சோர்வும்தான் வரும். என்னோடு படிப்பித்த ஒருவருக்கு ஒரு வருட அலுப்பின் பாதி, இரும்புச்சத்துக் குளிசையில் போனது.

7. லீவை ஒழுங்காக எடுங்கள்

லீவு விண்ணப்பம் பொது 125அ படிவம். அலுவலகத்தில் கேட்டால் தருவார்கள். பத்துப் பிரதி எடுத்து, பெயர், பதவி, பாடசாலை நிரப்பி வீட்டில் வைத்திருங்கள். சுகமில்லாத காலையில் படிவம் தேடுவது பெரிய வேலை. சின்ன அலுவலுக்கு முழுநாள் லீவை வீணாக்காமல் குறுகிய விடுமுறையைக் கேளுங்கள். தடவைக்கு ஒன்றரை மணித்தியாலம், மாதத்தில் இரண்டு தடவை. உங்கள் கணக்கில் என்ன மிச்சம் என்று தவணைக்கு ஒருதடவை லீவுப் பதிவேட்டைப் பார்த்துக் கொப்பியில் எழுதுங்கள். பதிவேட்டில் பிழை இருந்தால் அந்த வருடத்துக்குள்ளேயே திருத்திக்கொள்ள வேண்டும்.

பலர் செய்யும் பிழை, லீவை முழுக்க 'அவசரத்துக்கு' என்று சேர்த்துவைத்துவிட்டுக் கடைசியில் ஒரேயடியாக விழுவது. மாதத்தில் ஒரு நாள் எடுங்கள், ஒன்றும் செய்யாதீர்கள். என் அம்மா அந்த நாளை 'கிணற்றடி நாள்' என்பார். தலைக்குத் தோய்ந்துவிட்டு மத்தியானம் வரை வெயிலில் இருப்பதைத் தவிர அன்றைக்கு எனக்கு வேலை இல்லை.

பெரிய பிழை வேறு. சொல்லாமல் நிற்காதீர்கள். அறிவிக்காமலும் லீவு இல்லாமலும் கடமைக்கு வராதவரைப் பதவியை விட்டுப் போனவராகக் கருத அரச விதிகளில் இடம் உண்டு. தகுதிகாண் காலத்தில் இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். எழும்ப முடியாத நாளிலும் அதிபருக்கு ஒரு குறுஞ்செய்தி, முடிந்தால் வீட்டு ஆள் ஒருவர் கையில் கடிதம். பல நாள் தொடர்ந்தால் மருத்துவச் சான்றிதழ் வேண்டும். அரச வைத்தியசாலையில் கேட்டால் அதற்கான படிவத்திலேயே தருவார்கள். மருத்துவர் ஓய்வு எழுதிய திகதியும் நீங்கள் விண்ணப்பித்த திகதியும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று வாசலிலேயே பாருங்கள். என்னுடையதில் ஒரு நாள் இடைவெளி இருந்தது. அந்த ஒரு நாளுக்காக நான் மூன்று தடவை அலைந்தேன்.

8. மருத்துவரிடம் போவது

இரண்டு கிழமையாகத் தொடர்ந்து நித்திரை இல்லை, ஒன்றிலும் விருப்பம் இல்லை, அழுகை வருகிறது என்றால் காத்திருக்க வேண்டாம். மனச்சோர்வை அளந்து பார்க்க, பீ.எச்.கியூ 9 என்று ஒன்பது கேள்வி கொண்ட ஒரு தாள் உண்டு, தமிழிலும் இருக்கிறது. மொத்தம் 27 புள்ளி. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பது பொதுவான அளவு. எனக்கு 16 வந்தது. கடைசிக் கேள்வி உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்கு உங்கள் பதில் 'இல்லை' என்பதைத் தவிர வேறு எதுவானாலும் மொத்தப் புள்ளியைப் பார்க்காதீர்கள். அன்றைக்கே வீட்டில் ஒருவருக்குச் சொல்லி வைத்தியசாலைக்குப் போங்கள். இரவானால் 1926க்கு எடுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், 24 மணித்தியாலமும் இலவசம்.

அரச வைத்தியசாலையில் காசு கட்டத் தேவையில்லை. யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. வடமராட்சிக்காரர் முதலில் மந்திகை வைத்தியசாலையில் கேட்டுப் பார்க்கலாம். கிளினிக் நாளை முன்கூட்டி விசாரித்துவிட்டுப் போங்கள். நான் விசாரிக்காமல் போய் ஒரு லீவைத் தொலைத்தேன். அடையாள அட்டை, பழைய மருந்துத் துண்டுகள், பரிசோதனை அறிக்கை, கொப்பியின் கணக்குப் பக்கம் ஆகியவை போதும். அரைநாள் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தெரிந்தவர் கண்ணில் படக்கூடாது என்று நான் முதலில் தனியாரிடம் போனேன். மருத்துவர் கட்டணமும் இடக் கட்டணமும் மருந்தும் சேர்த்து ஒருதடவைக்கு ஐயாயிரத்தைத் தொட்டது. மூன்றாம் தடவை அரச கிளினிக்குக்கே வந்தேன். வரிசையில் எனக்கு முன்னால் இன்னொரு பாடசாலை ரீச்சர் ஒருவர் இருந்தார். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

மனச்சோர்வுக்கான மருந்து தந்தால் அது வேலை செய்ய இரண்டு முதல் நான்கு கிழமை எடுக்கும். முதல் நாட்களில் வயிற்றைப் பிரட்டலாம். சுகம் வந்துவிட்டது என்று நீங்களாக நிறுத்த வேண்டாம், கேட்டுவிட்டுப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். சான்றிதழ் தேவையானால், அதில் என்ன எழுதப்போகிறார் என்று மருத்துவரிடமே கேளுங்கள். அது அலுவலகத்தில் எத்தனை மேசை தாண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

மருந்து வேண்டாம், கதைக்க ஆள் வேண்டும் என்றால் பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருக்கிறாரா என்று கேளுங்கள். அதற்கும் காசு இல்லை. உங்கள் சொந்தப் பிரதேசத்தில் கூச்சமாக இருந்தால், பாடசாலை இருக்கும் பிரதேசத்தில் விசாரியுங்கள்.

9. இடமாற்றம்

இடமாற்றம் கிடைத்தால் எல்லாம் சரியாகும் என்று நினைத்துத்தான் நானும் இருந்தேன். பயண நேரம் குறையும், அது உண்மை. ஆனால் 31 பாடவேளையும் 114 கொப்பியும் புது இடத்திலும் உங்களுக்காகக் காத்திருக்கும். ஆகவே மேலே உள்ளவற்றைத் தொடங்கிவிட்டு இதற்கு விண்ணப்பியுங்கள்.

வருடாந்த இடமாற்றம் வழக்கமாக ஜனவரியிலிருந்து நடைமுறைக்கு வரும். விண்ணப்பம் அதற்குப் பல மாதம் முன்பே கோருவார்கள். முடிவுத் திகதியை அதிபர் சொல்வார் என்று இருக்காமல் வலயக் கல்வி அலுவலகத்தில் நேரே கேளுங்கள். விண்ணப்பம் அதிபர் ஊடாகத்தான் போக வேண்டும். நியமனக் கடிதம், கடமையேற்ற கடிதம், சேவைக்கால விபரம், மருத்துவக் காரணம் என்றால் கிளினிக் பதிவும் சான்றிதழும் சேர்த்து இரண்டு தொகுதி எடுங்கள். மூலப் பிரதி எதையும் கொடுக்க வேண்டாம். ஒப்படைத்த நாளில் உங்கள் தொகுதியின் முதல் தாளில் முத்திரையோடு கையெழுத்து வாங்குங்கள். என் முதல் விண்ணப்பம் ஓர் அலுவலகத்தில் எந்த மேசையிலோ காணாமல் போனது. "தந்ததற்கு என்ன அத்தாட்சி?" என்று கேட்டார்கள். கொப்பியின் நடுப்பக்கத்தில் மடித்து வைத்திருந்த தாளை எடுத்து நீட்டினேன்.